வயது போனவர்களைப் பற்றிய மெதுவான படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் படம் போடுகிறோம். சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றை இறுக்கிக் கட்டி, இரவல் வாங்கிய புரொஜெக்டரில் பார்ப்போம். கதிரை போதாவிட்டால் பாய். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள்: என்னோடு படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள், கரைவலை இழுத்த ஐயா ஒருவர், பக்கத்து வீட்டு அம்மாக்கள், கம்பஸ் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். நான் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் முதுமையைப் பற்றிய அமைதியான படங்கள்.

ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அதே சந்தேகங்களைக் கேட்பார். விறாந்தையில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை ஆறுதலாக எழுதி வைக்க வேண்டும் என்று கன நாளாக எண்ணம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

“நீங்க போடுறது என்ன மாதிரிப் படம் டீச்சர்? வயசு போன ஆக்கள் வந்தாக் காணுமா?”

காணாது. நாம் பார்த்து வளர்ந்த படங்களில் தாத்தா வருவார், பேரனுக்குப் புத்தி சொல்வார், பாதியில் இறந்துபோவார். கதை வேறு யாருடையதோவாக இருக்கும். நான் சொல்லும் படங்களில் கதையே அவருடையது. அவர் எழும்புவது, சாப்பிடுவது, ஒரு கடிதத்துக்குக் காத்திருப்பது, படி இறங்கும்போது பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது, இவைதான் அங்கே சம்பவங்கள்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். கீழே பல இடங்களில் இதற்கே திரும்பி வருவேன். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1953இல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’. ஒனோமிச்சி என்ற சிறிய துறைமுக ஊரில் இருக்கும் வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மூத்த மகன் டொக்டர். மகள் ஷிகே பெண்களுக்குத் தலையலங்காரம் செய்யும் கடை நடத்துகிறாள். இருவருக்கும் நேரமில்லை. போரில் போய்விட்ட இன்னொரு மகனின் மனைவி நோரிக்கோ மட்டும் லீவு எடுத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். பெற்றோர் திரும்பிப் போகிறார்கள். கொஞ்ச நாளில் தாய் இறந்துவிடுகிறாள். கதை இவ்வளவுதான், ஓட்டம் 2 மணி 16 நிமிடம்.

“ஒண்டுமே நடக்குதில்லையே, என்னத்தைப் பாக்கிறது?”

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதனால் ஒரே ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்ட வைத்துச் சொல்கிறேன். அந்தப் படத்தில் பிள்ளைகள் காசு சேர்த்து, பெற்றோரை அத்தாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே விடுதியில் இரவிரவாக இளைஞர்களின் சத்தம், பாட்டு. இருவருக்கும் நித்திரை இல்லை. விடிந்ததும் கடலோர மதில் ஒன்றில் போய் இருக்கிறார்கள். கமரா அவர்களின் முதுகுப் பக்கம், தூரத்தில். வீட்டுக்குப் போவோமா என்று பேசிக்கொள்கிறார்கள். கணவர் எழும்புகிறார். மனைவி எழும்பப் பார்த்துத் தடுமாறி, கையை ஊன்றிக் குனிந்து நிற்கிறாள். என்ன என்று கேட்டால், தலை கொஞ்சம் சுற்றியது, இப்போது ஒன்றுமில்லை என்கிறாள். பிறகு இருவரும் மதில் ஓரமாக நடந்து போகிறார்கள்.

நாங்கள் முதல் தரம் போட்டபோது பெரும்பாலானவர்கள் அந்த இடத்தைக் கவனிக்கவில்லை. பின்னணி இசை எதுவும் எச்சரிக்காது, முகத்தைக் கிட்டக் காட்டவும் மாட்டார்கள். கரைவலை ஐயா மட்டும் மெல்லச் சொன்னார், “மனிசி எழும்பேக்க கை ஊண்டினவ, பாத்தீங்களா? கன நாள் இராது.” அவருடைய மனைவியும் ஒருநாள் மீன் வெட்டிய இடத்திலிருந்து எழும்பும்போது அப்படித்தான் கை ஊன்றினாராம். ஒன்றுமில்லை என்றாராம்.

எனவே நிறைய நடக்கிறது, நம் வீடுகளில் நடப்பதைப் போலச் சத்தமில்லாமல் நடக்கிறது. அந்தப் படத்துக்குப் பிறகு டச் பே கடற்கரையில் பின்னேரங்களில் இருக்கும் வயதானவர்கள் மண்ணில் இருந்து எப்படி எழும்புகிறார்கள் என்று என் கண் தானாகப் பார்க்கிறது.

“சரி, நடக்குது. ஆனா ஏன் இவ்வளவு மெதுவா? கெதியாச் சொல்லேலாதா?”

கதையைக் கெதியாகச் சொல்லலாம், நானே மேலே சில வரிகளில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தச் சில வரிகளை வாசித்து யாரும் அந்தத் தாயை அறிந்துகொள்ளப் போவதில்லை. சாதாரணப் படத்தில் ஒருவர் கதிரையில் இருப்பார், அடுத்த ஷொட்டில் வாசலில் நிற்பார். இடையில் உள்ள தூரம் வெட்டுப்பட்டுவிடும். இருபது வயதுக்காரனுக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டில்லை. எண்பது வயதில் கதிரைக்கும் வாசலுக்கும் நடுவில் உள்ளதுதான் அன்றைய பெரிய வேலை.

என் அப்பாவுக்குக் கடைசி இரண்டு வருடம் சாய்மனைக் கதிரையிலிருந்து கிணற்றடிக் கதவுக்கு 14 அடி. எண்ணியிருக்கிறேன். முதலில் நிலையைப் பிடிப்பார், பிறகு சாப்பாட்டு மேசைக் கதிரையின் முதுகு, பிறகு சுவர். சுவரில் எப்போதும் ஒரே இடத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு மூச்சு நிற்பார். அந்த இடம் இன்றைக்கும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. பெயின்ட் அடிக்க வந்தவர்களை அந்தத் துண்டில் அடிக்க விடவில்லை. ஒரு படம் அந்த 14 அடியையும் முழுக்கக் காட்டினால் எனக்கு அது மெதுவான படமில்லை, சரியான அளவுள்ள படம்.

இன்னொன்று, கமராவின் உயரம். ஓசு கமராவை மிகத் தாழ்வாக வைப்பார், தரையில் பாயில் இருக்கும் ஆளின் கண்மட்டத்துக்கும் பதிவாக. ஆட்கள் போன பிறகு வெறும் நடைபாதையை, கொடியில் காயும் உடுப்பை, புகைபோக்கியைச் சில விநாடிகள் காட்டிக்கொண்டிருப்பார். எங்கள் அம்மம்மாவோடு பாயில் இருந்து வெற்றிலை இடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரங்கள் அப்படியே திரும்பி வரும்.

“எனக்கு நித்திரை வருது டீச்சர். குறை நினைக்காதேங்கோ.”

இல்லை, நித்திரை கொள்ளுங்கள். பத்து நிமிடம் கண்ணயர்ந்து எழும்பினாலும் இந்தப் படங்களில் வழி தவறாது. வீட்டில் பார்ப்பதானால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டாம். ஞாயிறு காலை பத்து மணி நல்ல நேரம். மாரியில், வாடைக்காற்றோடு மழை பிடித்து வெளியில் போக முடியாத நாட்கள் அதைவிட நல்லது. போனை வேறு அறையில் வைக்க வேண்டும். முதல் இருபது நிமிடம் கஷ்டமாக இருக்கும், பிறகு மூச்சு படத்தின் வேகத்துக்கு வந்துவிடும்.

“முதல் முதல் எதைப் பாக்கலாம்?”

கொரிய இயக்குநர் லீ ஜியோங் ஹியாங் எடுத்த ‘தி வே ஹோம்’, 2002இல் வந்தது. சோல் நகரத்துப் பொடியன் ஒருவனைத் தாய் மலைக்கிராமத்தில் பேச முடியாத அம்மம்மாவோடு விட்டுவிட்டுப் போகிறாள். அவன் பொரித்த கோழி கேட்கிறான். அவ மழைக்குள் நனைந்து போய் உயிர்க்கோழி வாங்கி வந்து அவித்து வைக்கிறா. அம்மம்மாவாக நடித்தவர் நடிகையே அல்ல, அப்படியான ஒரு கிராமத்தில் வாழ்ந்த மூதாட்டி. கடைசியில் ஊருக்குத் திரும்பப் போகும் முன்னிரவில், கண் சரியாகத் தெரியாத அம்மம்மாவுக்காகப் பொடியன் ஊசிகளில் நூல் கோத்துக் கோத்து வைக்கிறான். ஒரு ஊசி, இன்னொரு ஊசி. அந்தக் காட்சிக்கு எங்கள் விறாந்தையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்தது டேவிட் லிஞ்ச் 1999இல் எடுத்த ‘தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி’. நடந்த கதை. 1994இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆல்வின் ஸ்ட்ரெயிட் என்ற 73 வயதுக்காரர், பாரிசவாதம் வந்த அண்ணனைப் பார்க்கப் புல்வெட்டும் இயந்திரத்தில் ஏறி 240 மைல் போனார். கார் ஓட்ட அவரிடம் லைசன்ஸ் இல்லை. 240 மைல் என்றால் இங்கிருந்து கொழும்பு போய், திரும்பி வரும் வழியில் பாதி. ஆறு வாரம் எடுத்தது. ‘டோக்கியோ ஸ்டோரி’யை மூன்றாவதாக வையுங்கள்.

“தமிழில இப்பிடி ஒண்டும் இல்லையா?”

இருக்கிறது, எடுத்தவர் நம் பக்கத்து ஆள். பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். அவருடைய ‘வீடு’ 1988இல் வந்தது. அதில் பாதி கட்டிய வீட்டைத் தனியாகப் பார்க்கப் போகும் தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர் நடித்தார். அடுத்து வந்த ‘சந்தியா ராகம்’ முழுக்கவே அவருடையது. மனைவியை இழந்த முதியவர் கிராமத்தை விட்டு நகரத்தில் உறவினர் வீட்டுக்கு வருகிறார். சின்ன வீடு, குறைந்த சம்பளம், எல்லோரும் நல்லவர்கள், அப்படியும் அவருக்கு இடம் போதவில்லை. 2013இல் வந்த ‘தலைமுறைகள்’ படத்தில் பாலு மகேந்திராவே தாத்தாவாக நடித்தார். 2014 பெப்ரவரியில் இறந்துவிட்டார். அதை ஒருவர் விட்டுப்போன முகமாகத்தான் நான் பார்க்கிறேன்.

கிட்டடியில் வந்ததென்றால் மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’, 2022. மாயாண்டியாக நடித்த நல்லாண்டி உண்மையான விவசாயி. படம் வெளிவரும் முன்பே காலமாகிவிட்டார். பொய் வழக்கில் பிடித்து வைத்திருக்கும்போதும் அந்த மனிதருக்கு வயலில் நிற்கும் பயிருக்குத் தண்ணீர் விட ஆளில்லையே என்ற கவலைதான். தம்பலகாமத்திலிருந்து வந்த ஒருவர் அந்தக் காட்சிகளில் தன் தகப்பனைப் பார்த்ததாகச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

“எங்கட அம்மாவுக்கு இங்கிலிஷ் எழுத்து வாசிக்கத் தெரியாதே. பிறமொழிப் படத்தை எப்பிடிக் காட்டுறது?”

இந்தப் படங்களில் பேச்சுக் குறைவு. ‘தி வே ஹோம்’ அம்மம்மா பேசுவதே இல்லை. தொடங்கும் முன் யார் யார் என்று ஐந்து நிமிடம் சொல்லிவிட்டு, இடையில் தேவையான இடத்தில் மட்டும் பக்கத்தில் இருந்து ஒரு வசனம் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்க வெளிக்கிட்டால் அவர்கள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் கையையும் கண்ணையும் எங்களைவிட நன்றாகப் பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம்.

“வேலைவெட்டி முடிச்சு வந்து அழுற படத்தை ஏன் பாக்கோணும்?”

அழ வைக்கும் படத்தையும் துக்கமான படத்தையும் நான் ஒன்றாக நினைப்பதில்லை. முதலாவது, வயலினை ஏற்றி, கண்ணீரைக் கிட்டக் காட்டி, பிள்ளைகளைக் கல் நெஞ்சக்காரராக்கி நம்மைப் பிழிந்து எடுக்கும். முடிந்ததும் கண்ணைத் துடைத்துவிட்டுப் போய்விடலாம், ஒன்றும் கூட வராது. நான் போடும் படங்களில் சிரிப்பும் இருக்கிறது. ‘டோக்கியோ ஸ்டோரி’ அப்பா பழைய கூட்டாளிகளோடு குடித்துவிட்டு நடுச்சாமத்தில் மகள் வீட்டுக்கு வரும் இடத்தில் எங்கள் விறாந்தை குலுங்கச் சிரித்தது.

அகிரா குரோசாவாவின் ‘இகிரு’, 1952. நகரசபையில் முத்திரை குத்திக்கொண்டே காலம் போக்கிய அதிகாரிக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று தெரியவருகிறது. மிச்சமிருக்கும் மாதங்களில் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைக்க அலுவலகம் அலுவலகமாக அலைகிறார். கடைசியில், பனி கொட்டும் இரவில், அந்தத் திடலின் ஊஞ்சலில் இருந்து மெல்லப் பாடுகிறார். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. அடுத்த நாள் காலையில் மனம் பாரமாக இருக்கவில்லை. கன நாளாகத் தள்ளிப்போட்ட இரண்டு வேலைகளை முடித்தேன்.

“வயசு போனவைக்கே இதைக் காட்டலாமா? மனம் நொந்து போயிடாதா?”

நானும் பயந்தேன். அப்பாவுக்கு முதலில் ‘தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி’ போட்டுவிட்டு, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் படம் முழுக்க அந்த இயந்திரத்தின் பெல்ட்டைப் பற்றியும் எண்ணெய்ச் செலவைப் பற்றியும் கதைத்தார். முடிவில் அண்ணனும் தம்பியும் வாசலில் இருந்து வானத்தைப் பார்க்கும்போது, “காணும், இனி ஒண்டும் கதைக்கத் தேவையில்லை” என்றார். வயதானவர்கள் சாவை நினைக்காமல் இருக்கிறார்கள், நாம்தான் ஞாபகப்படுத்துகிறோம் என்று நாம் எண்ணுகிறோம். அவர்கள் தினமும் நினைக்கிறார்கள். கதைக்கத்தான் ஆள் இல்லை.

ஆனாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். சமீபத்தில் துணையை இழந்தவருக்கு மைக்கேல் ஹனெக்கேயின் ‘அமூர்’ வேண்டாம். 2012இல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்ற பெரிய படம், நான் தலை வணங்கும் படம். எண்பது தாண்டிய மனைவி பாரிசவாதத்தில் விழுந்த பிறகு கணவர் வீட்டிலேயே பராமரிப்பதை ஒன்றும் மறைக்காமல் காட்டுகிறது. படுக்கையில் ஆளை வைத்துப் பார்த்தவர்களுக்கு அதில் ஒவ்வொரு அசைவும் தெரியும். பார்க்கும் பலம் வந்த பிறகு, தனியாகவோ ஒருவர் துணையோடோ பார்க்கட்டும்.

“எனக்கு 24 வயசு. எனக்கு ஏன் இது?”

கம்பஸ் தம்பி ஒருவர் கேட்டது. இந்தப் படங்களை எடுத்தவர்கள் பலர் அப்போது கிழவர்களாக இருக்கவில்லை. ‘டோக்கியோ ஸ்டோரி’ எடுக்கும்போது ஓசுவுக்கு 49 வயது. அந்த எழுபது வயது அப்பாவாக நடித்த சிஷு ரியூவுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். சாவதற்காக மகனைக் கூட்டிக்கொண்டு காசிக்குப் போகும் அப்பாவின் கதையான ‘முக்தி பவன்’ என்ற ஹிந்திப் படத்தை எடுத்த சுபாஷிஷ் பூட்டியானி அப்போது இருபதுகளில் இருந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு அப்பப்பாவோ அம்மம்மாவோ இருப்பார். அவர் சொன்ன கதையையே திரும்பச் சொல்லும்போது நீங்கள் போனை எடுப்பீர்கள். நானும் அந்த வயதில் எழும்பிப் போனவள்தான். என் அம்மம்மா 1964ஆம் ஆண்டுப் புயல் இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்குவா, நான் பாதியில் போய்விடுவேன். அந்தக் கதை எப்படி முடிகிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

“நான் டொரொண்டோவில, அம்மா ஊரில தனிய. என்னைக் குத்திக் காட்டத்தானா இந்தப் படங்கள்?”

என்னிடம் படித்த பிள்ளை வாட்ஸ்அப்பில் கேட்டாள். இல்லை மகள். எங்கள் விறாந்தையில் எல்லோரும் ஷிகேயைத் திட்டுவார்கள். கடைக்கு வந்த பெண் ‘யார் இவர்கள்’ என்று கேட்க, ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று சொந்தப் பெற்றோரைச் சொல்லிவிடுகிறாள். செத்தவீட்டுச் சாப்பாடு முடிய முன்பே தாயின் உடுப்புகளைக் கேட்கிறாள். ஆனால் தாயின் படுக்கையருகே உடைந்து அழுபவளும் அவள்தான், அது நடிப்பு அழுகை அல்ல. ஓசு இரண்டையும் காட்டுகிறார், தீர்ப்பு எழுதவில்லை. கடைசித் தங்கை கோபப்படும்போது நோரிக்கோதான் சமாதானம் சொல்கிறாள்: பிள்ளைகள் வளர அவரவர் வாழ்க்கை வந்துவிடும், நானும் ஒருநாள் அப்படி ஆகலாம். பெற்றோர்கூட ஊர் திரும்பும்போது, மற்றவர்களைப் பார்க்க நம் பிள்ளைகள் பரவாயில்லை, நாம் கொடுத்து வைத்தவர்கள் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

இங்கிருந்து போனவர்கள் ஆசைக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு ஒன்று சொன்னேன்: ஒரே படத்தை ஒரே வார இறுதியில் நீ அங்கே பார், அம்மா இங்கே எங்களோடு பார்க்கட்டும், பிறகு போனில் கதையுங்கள். வழக்கமாக அவர்களின் பேச்சு மருந்து முடிந்ததா, காசு வந்ததா என்பதோடு முடிந்துவிடும். அன்று அந்தக் கடலோர மதில் காட்சியைப் பற்றிப் பேசும்போதுதான், மூன்று மாதத்துக்கு முன் கிணற்றடியில் விழுந்ததைத் தாய் சொன்னாவாம். அதுவரை ‘ஒண்டுமில்லை’தான்.

“ஜப்பான்காரர் அமைதியா வயசு போவினம். எங்கட சனம் ஷெல்லுக்கும் சுனாமிக்கும் ஓடினது. எங்களுக்கு இது பொருந்துமா?”

இதுதான் எனக்குப் பதில் சொல்லக் கடினமான கேள்வி. கன நாள் யோசித்தேன். 1953 ஜப்பான் என்றால் போர் முடிந்து 8 வருடம். நோரிக்கோவின் ஒற்றை அறையில் கணவனின் படம் தட்டில் இருக்கிறது. அவன் போய் 8 வருடமாகிவிட்டது என்கிறார்கள். மாமியார், படத்தை வைத்துக்கொண்டு இருக்காதே, இன்னொரு கல்யாணம் செய் என்று அவளிடம் மன்றாடுகிறா. அவள் சிரித்துச் சமாளிக்கிறாள். ஒரு குண்டும் வெடிக்காது, ஒரு சண்டைக் காட்சியும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு கதிரை எப்போதும் காலி.

எங்களோடு வரும் ஒரு அம்மாவின் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கிறது. 1990இல் எடுத்தது. மாலை போடவில்லை, போட அவருக்கு மனம் வரவில்லை. அந்த அம்மா படம் முடிந்தபின் என்னிடம், “அந்தப் பிள்ளை சிரிச்சதைப் பாத்தீங்களா, அது சிரிப்பில்லை” என்றார். இத்தாலியில் விட்டோரியோ டி சிக்கா 1952இல் எடுத்த ‘உம்பெர்ட்டோ டி.’யும் போருக்குப் பிந்திய படம்தான். பென்சனைக் கூட்டித் தரக் கேட்டு முதியவர்கள் தெருவில் ஊர்வலம் போகப் பொலிஸ் வந்து கலைக்கிறது, அதுதான் ஆரம்பம். பிறகு ஒருநாள் அந்த ஓய்வு பெற்ற அரச ஊழியர் பிச்சைக்காகக் கையை நீட்டிப் பார்க்கிறார். ஒருவர் காசு எடுக்கும் நேரம், மழை தூறுகிறதா என்று பார்ப்பவர்போலக் கையைத் திருப்பிவிடுகிறார். 2022இல் இங்கே பாமசி வரிசையில் நின்ற பென்சன்காரர்களிடம் அந்தக் கையை நான் கண்டேன். பாதி மருந்தை மட்டும் வாங்கிவிட்டு, மிச்சம் வீட்டில் இருக்கிறது என்று சொல்வார்கள்.

“மறதி வருத்தம் உள்ள ஆக்களைப் பற்றி?”

புளோரியன் ஸெல்லர் 2020இல் எடுத்த ‘தி ஃபாதர்’. அந்தோனி ஹொப்கின்ஸ் 83 வயதில் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் வாங்கினார். வெளியில் நின்று நோயாளியைக் காட்டாமல் அவர் தலைக்குள் நம்மை வைத்துவிடுகிறார்கள். மகளின் முகம் மாறும், வீட்டுத் தளபாடம் மாறும், எது உண்மை என்று நமக்கும் பிடிபடாது. அது மெதுவான படமில்லை, ஆனால் பராமரிப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ‘நேற்றுத்தானே சொன்னேன்’ என்று அதட்டுவதை அதற்குப் பிறகு நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

அமைதியாக வேண்டுமென்றால் கொரியாவின் லீ சாங் டொங் 2010இல் எடுத்த ‘பொயட்ரி’. சொற்கள் ஒவ்வொன்றாக மறந்துபோகத் தொடங்கும் வயதில் கவிதை எழுதப் பழக வகுப்புக்குப் போகும் அம்மம்மா. கதையில் வேறொரு பெரிய துயரமும் இருக்கிறது, அதை இங்கே சொல்லவில்லை.

“அப்ப மெதுவா இருந்தாலே நல்ல படமா?”

இல்லை. வெறுமனே மெதுவாக இருக்கும் படங்களும் நிறைய உண்டு. ஜன்னலருகே ஒரு முதியவரை வைத்துவிட்டு, மழையைக் காட்டிவிட்டு, ஆழமாக ஏதோ சொன்னதாக நினைத்துக்கொள்வார்கள். நான் ஒன்றை மட்டும் பார்ப்பேன்: அந்த முதியவருக்கு வேலை ஏதாவது இருக்கிறதா? பிடிவாதம், கள்ளத்தனம், பசி, யாரோ ஒருவர் மேல் கோபம், இதில் ஏதாவது? ஆல்வினுக்குப் போக ஓர் இடம் இருந்தது, உம்பெர்ட்டோவுக்கு ஒரு நாய்க்குட்டி இருந்தது, மாயாண்டிக்குப் பயிர் இருந்தது. பார்த்து இரக்கப்படுவதற்கென்று மட்டும் ஒருவரை உட்கார்த்தி வைத்த படத்தை நான் போடுவதில்லை.

“பாத்த படத்தையே ஏன் திரும்பத் திரும்பப் போடுறீங்கள்?”

படம் அப்படியேதான் இருக்கிறது, நாங்கள்தான் வேறிடத்துக்கு வந்துவிடுகிறோம். ‘டோக்கியோ ஸ்டோரி’யை முதலில் பார்த்தபோது எனக்கு 32 வயது, ஷிகே மேல் ஒரே கோபம். 45 வயதில், மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பார்த்தபோது, சின்னப் பேரனோடு மேட்டில் விளையாடும் பாட்டியிடம் கண் நின்றுவிட்டது. நீ டொக்டராகும்போது நான் இருப்பேனா என்று அவள் கேட்க, பொடியன் பதில் சொல்லாமல் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பான்.

மூன்றாம் முறை அப்பா போன அடுத்த வருடம். கடைசிக் காட்சியில் கிழவர் தனியாக விசிறிக்கொண்டு இருக்கிறார். அயல்வீட்டுப் பெண் ஜன்னலால் எட்டிப் பார்த்து, இனித் தனிமைதான் என்கிறாள். தனியாக இருந்தால் நாள் நீண்டு போகும் என்கிறார் அவர். வெளியே துறைமுகத்தில் ஒரு படகு போகும் சத்தம். முன்னிரண்டு முறையும் அந்தச் சத்தம் என் காதில் விழவேயில்லை.

எங்கள் பழைய வீடு உள்துறைமுக வீதிப் பக்கம். மூதூர் லோஞ்ச் வெளிக்கிடும் சத்தத்தை வைத்துத்தான் அப்பா நேரம் சொல்வார். பாலங்கள் வந்து சனம் தரைவழியாகப் போகத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கடைசி மாதங்களில், ஒரு சத்தமும் இல்லாத பின்னேரங்களிலும், கண்ணை மூடிக்கொண்டு “லோஞ்ச் வருது” என்பார். முதல் கொஞ்ச நாள் இல்லை அப்பா என்று திருத்தினேன். பிறகு ஓம் அப்பா, வருது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்துவிடுவேன்.